மருந்தடிக்கும் மெஷின் முதல் சோலார் வேலி வரை: தோட்டத்து பேட்டரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோபி, சத்தி, காங்கேயம் பக்கம் எந்தத் தோட்டத்துச் சாளைக்குள் எட்டிப் பார்த்தாலும் இன்றைக்கு ரெண்டு மூணு பேட்டரியாவது கிடக்கும். முதுகில் மாட்டி மருந்தடிக்கும் ஸ்ப்ரேயருக்கு ஒன்று, சோலார் வேலிக்கு ஒன்று, ராத்திரி தண்ணீர் கட்டப் போகும்போது நெற்றியில் மாட்டும் லைட்டுக்கு ஒன்று. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது தனி.

பேட்டரிக் கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "ஏனுங்கண்ணா, போன வருசந்தானுங்க மாத்துனேன். இப்ப மூணு டேங்க்குக்கு மேல ஓட மாட்டேங்குது." கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: "ஓட்டி முடிச்சு எப்பங்க சார்ஜ் போடுவீங்க?" வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மறுக்கா மருந்தடிக்கிறதுக்கு முந்துன நாளுங்க."

கோளாறு அங்கேதான். நம் ஊரில் சின்ன பேட்டரிகள் உழைத்துச் சாவதைவிட, சார்ஜ் இறங்கிய நிலையில் தகரக் கொட்டகைச் சூட்டில் சும்மா கிடந்து சாவதுதான் அதிகம். ஈய பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் இறுகிப் பெரிய படிகமாகி, பிறகு எந்தச் சார்ஜருக்கும் அசையாது. அந்த அளவுக்குத் தகடு வேலைக்கு ஆகாமல் போகிறது. சூடு இதை வேகப்படுத்தும்.

பனி உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிற நாடுகளில், மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று காட்டும் கருவிக்கும் கிட்டத்தட்ட நம் ஸ்ப்ரேயரில் இருக்கிற அதே 12 வோல்ட் டப்பாதான். குளிரில் பேட்டரி அன்றைக்குக் கொடுப்பது குறையும், ஆனால் ஆயுள் அவ்வளவாகப் போகாது. நம்மிடம் தலைகீழ். வெயிலில் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும், ஆயுள் மட்டும் உள்ளே கரைந்துகொண்டிருக்கும். அதனால் வெளிநாட்டு ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

படி 1: கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

ஸ்ப்ரேயரைக் கவிழ்த்து அடிப்பெட்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். டேங்க் காலியாக இருக்கட்டும். மருந்து பட்ட மெஷின் என்பதால் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே செங்கல் மாதிரி கனமாக, இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தால் அது மூடிய ஈய பேட்டரி. தண்ணீர் ஊற்றும் மூடி இருக்காது. அதே அளவில் லேசாக, ஒரு கிலோ பக்கம் இருந்தால் லித்தியம்.

ஈய பேட்டரியின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட், 8 ஏஹெச் (Ah, பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்கிற அளவு) என்று இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி உண்டு. பல பேர் கண்ணில் படாமலே போவது அதுதான். தினமும் ஓட்டிச் சார்ஜ் போடும் உபயோகத்துக்கு 14.4 முதல் 15.0 வோல்ட் வரை, எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் உபயோகத்துக்கு 13.5 முதல் 13.8 வரை என்று போட்டிருப்பார்கள். கூடவே ஆரம்ப கரண்ட் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்றும் இருக்கும். 7 ஏஹெச் பேட்டரியில் அது பெரும்பாலும் 2.1 ஆம்பியர். சார்ஜர் வாங்கப் போகும்போது இந்த வரிகளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

லித்தியத்தில் இரண்டு சாதி உண்டு. 12.8 வோல்ட் என்று எழுதியிருந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட். சார்ஜ் போடும்போது உச்சம் 14.6 வோல்ட். 11.1 வோல்ட் என்றிருந்தால் சாதாரண லித்தியம் அயான். அதற்கு உச்சம் 12.6. சார்ஜரை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

படி 2: ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள்

விலை குறைந்த டிஜிட்டல் மீட்டரே போதும். ஸ்ப்ரேயரிலேயே இருக்கும் சின்ன டிஸ்ப்ளேயை முழுசாக நம்ப வேண்டாம்.

டயலை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். சார்ஜரைக் கழற்றிய கையோடு பார்த்தால் 13 வோல்ட்டுக்கு மேல் பொய் காட்டும். மூன்று நாலு மணி நேரமாவது ஆறவிட்டுப் பாருங்கள்; ராத்திரி கழற்றி வைத்துக் காலையில் பார்ப்பது இன்னும் உத்தமம். 12.7க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.0 வந்துவிட்டால் கால் பாகம்தான் பாக்கி. 11.8க்குக் கீழே போய்விட்டது என்றால் காலி. அன்றைக்கே சார்ஜ் போட்டாக வேண்டும்.

நிறைய நேரம் சார்ஜ் போட்டும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறதா? உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். அதில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டால் மீதி ஐந்துதான் பேசும். அதற்கு வைத்தியம் இல்லை.

நின்ற நிலையில் 12.7 காட்டியும் ஓடாத பேட்டரிகள் உண்டு. அதற்கு ஓட்டியபடியே அளக்க வேண்டும். டேங்க்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, மோட்டாரை ஓடவிட்டு, ரெண்டு நிமிடம் மீட்டரைப் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் சரி. சுவிட்ச் போட்டதும் மளமளவென்று இறங்கி 10க்குப் போனால் தகடுகள் சல்பேட் ஏறிப் போய்விட்டன. ஆனால் அப்படி முடிவு கட்டுவதற்கு முன்னால் வயரையும் கிளிப்பையும் ஒரு தரம் பாருங்கள். போர்டோ கலவை அடிக்கிற மெஷின்களில் மயில்துத்தம் பட்டு கிளிப் பச்சையாகப் பூத்திருக்கும். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பாதி மெஷின் பிழைத்துக்கொள்ளும்.

படி 3: சார்ஜ் போடும் முறை

மருந்தடித்து முடித்த அன்று சாயங்காலமே போட வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரிதான் மனதில் நிற்கும் என்றால் இந்த வரி நிற்கட்டும். ரெண்டு டேங்க் மட்டும் அடித்திருந்தாலும் அப்படித்தான். பாதியில் சார்ஜ் போட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. ஈய பேட்டரிக்கு எவ்வளவுக்கு எவ்வளவு குறைவாக வடிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. சுத்தமாக வடியும் வரை ஓட்டினால் 200, 250 தடவையில் திறன் குறைந்துவிடும் வகை, பாதியோடு நிறுத்திச் சார்ஜ் போட்டால் 500 தடவை பக்கம் வரும். அதுவும் 25 டிகிரி சூட்டில் போட்ட கணக்கு.

தோட்டத்திலிருந்து வந்ததும் ஒரு அரை மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். மெஷின் வெளிப்புறத்தைத் துடைத்து, சார்ஜ் பின் போகும் ஓட்டையில் ஈரம் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும். முதலில் பின்னை மெஷினில் செருகி, பிறகு சுவரில் கரண்ட் போடுங்கள். எடுக்கும்போது முதலில் சுவர் சுவிட்ச்.

எவ்வளவு நேரம்? 8 ஏஹெச் பேட்டரியை 1.7 ஆம்பியர் சார்ஜரில் போட்டால், வகுத்துப் பார்த்தவர்கள் ஐந்து மணி நேரம் என்பார்கள். அது சரிப்பட்டு வராது. முக்கால்வாசி வேகமாக ஏறும். கடைசிக் கால் பாகம் மெதுவாகத்தான் ஏறும், அந்த நேரத்தில் கரண்ட் தானாகக் குறைந்துகொண்டே வரும். ஆக ஏழெட்டு மணி நேரம் வையுங்கள். பச்சை லைட் எரிந்த பிறகும் ஒரு மணி நேரம் விடலாம். அந்தக் கடைசிக் கால் பாகத்தைத் தினமும் விட்டுவிட்டு எடுத்தால், நாளாவட்டத்தில் அந்த அளவுக்குத் தகடு இறுகிவிடும்.

இடம் முக்கியம். வைக்கோல், உரமூட்டை, பெட்ரோல் கேன் பக்கத்தில் வேண்டாம். இரும்புக் கட்டில் மேல் வேண்டாம். சார்ஜர் மேல் துண்டு போட்டு மூட வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஈய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வர வாய்ப்பு உண்டு, காற்றோட்டம் இருக்கட்டும்.

படி 4: சார்ஜரையும் ஒரு தரம் சந்தேகப்படுங்கள்

மெஷினோடு இலவசமாக வரும் சார்ஜர்தான் பல பேட்டரிகளுக்கு எமன். சோதிப்பது சுலபம். சார்ஜ் ஏறி முடியும் நேரத்தில், சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 14.4 முதல் 14.8 வரை இருந்து, பச்சை லைட் வந்ததும் 13.8 பக்கம் இறங்கினால் அது ஒழுங்கான சார்ஜர். 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் தூக்கிப் போடுங்கள்; மூடிய பேட்டரிக்குள் இருக்கும் கொஞ்ச நஞ்ச ஈரத்தையும் அது கொதிக்க வைத்து வெளியேற்றிவிடும். பேட்டரி வயிறு உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடக்கூடாது. மாறாக 13.8ஐத் தாண்டவே இல்லை என்றால் பேட்டரி ஒரு ராத்திரியில் முழுசாக நிறையாது.

தோட்டத்து லைனில் வோல்டேஜ் எப்படி ஆடும் என்று உங்களுக்குத் தெரியும். சார்ஜரின் மேல் இன்புட் 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் கவலை இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய கனமான சார்ஜர் என்றால், வோல்டேஜ் குறைந்த ராத்திரியில் விடிய விடியப் போட்டும் நிறையாமல் போகலாம்.

படி 5: வெயிலைச் சமாளிப்பது

ஈய பேட்டரியின் சூடு 25 டிகிரியிலிருந்து ஒவ்வொரு எட்டுப் பத்து டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது பேட்டரித் தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை வெயில் 40ஐத் தொடும். தகரக் கூரைக்கு அடியில் அதற்கும் மேலே. அதனால் பேட்டரி இருக்க வேண்டிய இடம் மோட்டார் ரூமோ தகரக் கொட்டகையோ கிடையாது. வீட்டுக்குள் ஓட்டுக்கூரையோ காங்கிரீட்டோ இருக்கும் அறை. சார்ஜும் பகலில் போடாமல் ராத்திரி போடுங்கள். சூட்டில் சார்ஜ் வோல்ட்டும் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். 40 டிகிரியில் ஏறக்குறைய 0.3 வோல்ட் குறைத்துக் கொடுப்பது நியாயம். நல்ல சோலார் கண்ட்ரோலர்கள் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இதைத் தாமே பார்த்துக்கொள்ளும். சாதா சார்ஜருக்கு அந்த வித்தை தெரியாது, ராத்திரிக் குளிர்ச்சிதான் நமக்கு உதவி.

பேட்டரியை வெறும் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று பலகை போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய காலத்து ரப்பர்ப் பெட்டி பேட்டரிக்கு அது பொருந்தியிருக்கலாம். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒன்றும் செய்யாது. கோடையில் சிமெண்ட் தரை குளுகுளுவென்று இருப்பது நல்லதுதான்.

படி 6: மருந்தடிக்காத மாதங்கள்

மஞ்சள் வெட்டியாச்சு, வாய்க்காலில் தண்ணீரும் நின்றாச்சு என்றால் ஸ்ப்ரேயர் மூலைக்குப் போய்விடும். மறுபடி ஆடி ஆவணியில் எடுத்தால் சுவிட்சுக்கு அசையாது. மூலைக்குப் போகும் அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள்: டேங்க்கில் நல்ல தண்ணீர் ஊற்றி மோட்டார் வழியாகவே முழுசும் அடித்து வெளியேற்றுங்கள். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் போடுங்கள். பிறகு அடிப்பெட்டியைத் திறந்து ஒரு வயரையாவது கழற்றிவிடுங்கள். சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் சில மெஷின்களில் டிஸ்ப்ளே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். கிளிப்பில் வாசலின் தடவி வையுங்கள்.

சும்மா இருந்தாலே மாதம் நூற்றுக்கு மூணு பங்கு இறங்கும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். அதனால் மாதம் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்த்து, 12.5க்குக் கீழே வந்திருந்தால் ஒரு ராத்திரி சார்ஜ். அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

படி 7: சோலார் வேலி பேட்டரி

தாளவாடி, ஆசனூர், தடாகம், ஆனைகட்டி பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் உயிர்நாடி. ராத்திரி யானையோ காட்டுப்பன்றியோ வரும் நேரத்தில் பேட்டரி படுத்துவிட்டால் ஒரு வருஷ வெள்ளாமை போச்சு.

முதலில் ஒரு எச்சரிக்கை. வேலிக்கு அடி கொடுப்பது எனர்ஜைசர் என்கிற பெட்டி. அது பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி, வினாடிக்கு ஒரு முறை போல மிகச் சிறிய நேரத்துக்கு மட்டும் துடிப்பாக அனுப்புகிறது. உதறித் தள்ளும், கொல்லாது. வீட்டுக் கரண்டையோ மோட்டார் கரண்டையோ கம்பியில் நேராகக் கொடுப்பது குற்றம். யானைகளும் மனுசர்களும் அப்படித்தான் செத்திருக்கிறார்கள். வேலி போடுவதற்கு முன் வனத்துறையில் அனுமதி விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி அளவைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். எனர்ஜைசர் சராசரியாக 0.4 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள் (உங்கள் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்). ஒரு நாளைக்கு 24 மணி நேரத்துக்கு 9.6 ஏஹெச். ஐப்பசி அடைமழையில் மூணு நாள் சூரியனே தெரியாது என்று வைத்தால் கிட்டத்தட்ட 29. பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக்கூடாது, ஆக 60 ஏஹெச் வேண்டும். அந்த 9.6ஐ நாலு மணி நேர நல்ல வெயிலில் திரும்ப ஏற்ற, சேதாரம் எல்லாம் சேர்த்து 50 வாட் பேனல் கிட்ட வரும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஆனி, ஆடியிலும் மேகம் மூடிக்கொள்ளும். அங்கே பேனலைக் கொஞ்சம் தாராளமாகவே எடுங்கள்.

பேனல் தெற்குப் பார்த்து, 11 முதல் 15 டிகிரி சாய்வில் இருக்கட்டும். தென்னை ஓலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே பேனலின் மொத்த உற்பத்தியும் படுத்துவிடும், அந்த மூலை மட்டும் குறையும் என்று நினைக்காதீர்கள். காலை ஒன்பது மணிக்கும், நடுப்பகலுக்கும், மூணு மணிக்கும் ஒருதரம் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தபிறகு கம்பத்தை ஊன்றுங்கள்.

கண்ட்ரோலரில் வயர் கொடுக்கும் வரிசை: முதலில் பேட்டரி, அப்புறம் பேனல், கடைசியில் எனர்ஜைசர். கழற்றும்போது இதைத் திருப்பிச் செய்யுங்கள். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் சில கண்ட்ரோலர் புகைந்துவிடும். பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டனையும் மறக்காதீர்கள்.

அடி குறைந்துவிட்டது என்றால் உடனே பேட்டரி மேல் பழி போட வேண்டாம். காலையில் சூரியன் ஏறுவதற்கு முன் மீட்டர் வையுங்கள். 12.3க்கு மேல் இருந்தால் பேட்டரி குற்றவாளி இல்லை. கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியையும் கோரையையும் வெட்டிவிடுங்கள், எர்த் கம்பியைச் சுற்றி மண் காய்ந்திருந்தால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

லித்தியத்துக்கு மாறலாமா?

முதுகில் சுமக்கிற மெஷினுக்கு என் ஓட்டு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்குத்தான். எடை பாதிக்கும் குறைவு, முழுசாக வடித்தாலும் ஆயிரக்கணக்கான தடவை தாங்கும், கடைசி டேங்க் வரை மோட்டார் வேகம் குறையாது. விலை அதிகம். வருஷத்துக்கு நாலைந்து தடவை மட்டும் மருந்தடிப்பவர்களுக்கு ஈய பேட்டரியே போதும், ஒழுங்காகச் சார்ஜ் போட்டால்.

மாறும்போது சார்ஜரையும் சேர்த்து மாற்றுங்கள். 12.6 வோல்ட்டோடு நிற்க வேண்டிய 11.1 வோல்ட் லித்தியம் அயானுக்கு, ஈய பேட்டரியின் 14.4 வோல்ட் சார்ஜரைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு ஒன்றைத் தவிர வேறு தடுப்பு இல்லை. மலிவு பேக்குகளில் அந்த போர்டும் நம்பிக்கைக்கு உரியதில்லை. தீப்பிடிக்கலாம்.

லித்தியத்தில் ஈயத்தின் சட்டங்கள் பல தலைகீழ். நெடுநாள் வைக்கும்போது முழுக்க ஏற்றாமல் பாதியில் வையுங்கள். மீட்டர் கணக்கும் செல்லாது. இரும்பு பாஸ்பேட் முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் கிட்டத்தட்ட 13 வோல்ட் பக்கமே காட்டும். மீட்டர் பூஜ்யம் காட்டினால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பாதுகாப்பு போர்டு தூங்கியிருக்கும், அதற்குரிய சார்ஜரைப் போட்டால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் வேண்டாம். பூஜ்ய டிகிரிக்குக் கீழேயும் போடக்கூடாது, பனி ஏரிக்காரர்களுக்கு அதுதான் பெரிய தலைவலி. நமக்கு ஊட்டியில் உறைபனி விழும் காலையில் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். தலைவிளக்கில் இருக்கும் ஒற்றை லித்தியம் செல்லுக்கும் இதே நியாயம்தான்.

இன்வெர்ட்டர் பேட்டரி, சுருக்கமாக

தண்ணீர் ஊற்றும் டியூபுலர் வகைக்கு மிதவையைப் பாருங்கள். பச்சைக் கோட்டுக்குக் கீழே போகவிடாதீர்கள். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம் போர் தண்ணீரில் இருக்கும் உப்பும் சுண்ணாம்பும் தகட்டைத் தின்றுவிடும். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கிறது, அதுவும் வேண்டாம். ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள், குறைவது தண்ணீர்தான். சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள், முன்னால் ஊற்றினால் பொங்கி வழியும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆசிட் தரையில் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவிக் கழுவுங்கள்.

மாற்றும் நேரம் வந்தால்

8 ஏஹெச் பேட்டரியின் அளவு ஏறக்குறைய 151 மில்லிமீட்டர் நீளம், 65 அகலம், 94 உயரம். 12 ஏஹெச் என்றால் அகலம் 98 ஆகிவிடும். அதிகம் ஓடட்டுமே என்று 12 ஏஹெச் வாங்கி வந்தால் அடிப்பெட்டி மூடாது. டேப் எடுத்து அளந்துகொண்டு போங்கள். கிளிப்பும் அகலம் குறைந்தது, கூடியது என்று இரண்டு உண்டு. பழையதைக் கையோடு கொண்டுபோனால் இந்தக் குழப்பமே வராது.

கடையில் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். ஷெல்ஃபில் மாதக்கணக்கில் தூங்கிய பேட்டரி 12.4க்குக் கீழே காட்டும். வேறு எடுக்கச் சொல்லுங்கள். தயாரித்த தேதியையும் கேளுங்கள். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-ஆம் ஆண்டு வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. வீட்டில் உடைத்து ஈயம் எடுப்பவர்களிடம் கொடுக்காதீர்கள். அந்த ஆசிட்டும் ஈயமும் யாரோ ஒருவர் கிணற்றுக்குத்தான் போகும்.

புதியதைப் பொருத்தும்போது சிவப்பு வயர் பிளஸ்ஸுக்கு. மாற்றிக் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், டிஸ்ப்ளே போய்விடும். கிளிப் தொளதொள என்றிருந்தால் குறடால் லேசாக அழுத்திவிடுங்கள். ஆடுகிற கிளிப் சூடாகி பிளாஸ்டிக்கை உருக்கும். மார்க்கரால் பேட்டரியின் முதுகில் அன்றைய தேதியை எழுதி, மெஷினை மூடி, முதல் டேங்க்குக்கு முன்னால் ஒரு ராத்திரி சார்ஜ் போட்டுவிடுங்கள்.